உப்புப் பொதியிலிருந்து கருங்காலி மாலை வரை

உப்பு என்றால் குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்த நாட்டில் சொல்லப்படும் பெயர் தூத்துக்குடி. இன்றைக்கு அந்த உப்பு மூட்டை மூட்டையாக லாரி ஏறுகிறது, அரைத்துப் பாக்கெட்டில் அடைத்துப் பல மாநிலங்களுக்குப் போகிறது. உப்பளத்தில் பாடுபடுகிறவர்களைப் பற்றி அவ்வப்போது யாராவது எழுதுகிறார்கள். இந்த உப்பைக் கடற்கரையிலிருந்து சுமந்து, கடை கண்ணி இல்லாத உள்நாட்டு ஊர்களின் அடுப்படி வரைக்கும் கொண்டு சேர்த்தவர்களைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. ரயிலும் லாரியும் வருவதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவர்கள் ஓரிடத்தில் தங்காதவர்கள்.

சங்கப் பாடல்கள் அவர்களை உமணர் என்கின்றன. பெண்டு பிள்ளைகளோடு வண்டி கட்டிக் கூட்டமாகப் போவார்கள். உப்புக்கு நெல்லை மாற்றுவார்கள். வழியில் வண்டி அச்சு முறிந்தால் மாற்று அச்சும் கையில் இருக்கும். நூற்றாண்டுகள் கழிந்தும் தொழில் அப்படியே இருந்தது, செய்தவர்கள் மாறியிருந்தார்கள். சென்னை மாகாணம் முழுக்கக் கிழக்குக் கடற்கரை உப்பை மாட்டின் மீதும் கழுதை மீதும் பொதியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தானியம் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் குறவர்கள். உப்புக்குறவர் என்று ஒரு பிரிவுக்குப் பெயரே உண்டு. பாதையில்லாத ஊருக்கும் போனார்கள். போகிற வழியில் கூடை முடைந்து விற்றார்கள். அறுவடை முடிந்த களத்துக்கு அவர்கள் எந்த மாசம் வருவார்கள் என்று சம்சாரிகளுக்குத் தெரியும்.

1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாண உப்பைத் தன் ஏகபோகம் ஆக்கிக்கொண்டது. உப்புக்கு அரசாங்கம் வைத்ததுதான் விலை. 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. மாட்டுப் பொதியில் பல நாள் நடந்து போன சரக்கு ஓரிரு நாளில் மதுரையில் இறங்கியது. அதே வருஷம்தான் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. பஞ்சத்தில் தீவனமும் தண்ணீரும் இல்லாமல் பொதிமாடுகள் செத்தன. மாடு செத்த பிறகு வணிகம் எங்கே நடக்கும்?

அடுத்து நடந்ததுதான் என்னை இன்றும் கொதிக்க வைக்கிறது. 1871-ல் வட இந்தியாவுக்கென்று போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். பிழைப்பை இழந்து அலைந்தவர்களைப் பார்த்து, இவர்களுக்கு நிலம் இல்லை, ஓரிடத்தில் இருப்பதில்லை, ஆகவே திருடித்தான் தின்ன வேண்டும் என்று கணக்குப் போட்டது அரசாங்கம். குறவர்களின் பல பிரிவுகள் பட்டியலில் ஏறின. ஊரை விட்டு வெளியே போகப் போலீசிடம் அனுமதி, ராத்திரி ஆஜர், கைரேகை. மீனா ராதாகிருஷ்ணா என்ற ஆய்வாளர் 2001-ல் வெளியிட்ட நூலில் இந்தக் கதையை ஆவணங்களோடு எழுதியிருக்கிறார். உப்பையும் தானியத்தையும் ஊருக்கு ஊர் கொண்டுபோன வணிகர்களை ரயிலும், உப்புக் கொள்கையும், பஞ்சமும் சேர்ந்து தெருவில் தள்ளின, அப்புறம் சட்டம் வந்து குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது என்பது அதன் சாரம். அந்தச் சட்டம் நாடு முழுக்க ஒழிந்தது 1952-ல். ஊர்வாயில் இருந்து அந்தச் சந்தேகம் இன்னும் போகவில்லை.

அலைகிறவர்களை இந்தக் கரை எப்போதுமே இப்படிப் பார்த்ததில்லை என்பதற்கு முத்துக்குளிப்பே சாட்சி. முத்துச் சலாபம் என்பது ஓர் ஊரே நடந்து வந்து கடற்கரையில் உட்காருவது. கடலுக்கடியில் முத்துப்பார்களைச் சோதித்து, சிப்பி முற்றியிருக்கிறது என்று தெரிந்தால் அரசாங்கம் நாள் குறிக்கும். வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் ஓலைக் கொட்டகைகள் எழும். தூத்துக்குடிப் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் குளிக்க வருவார்கள். மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் சலாபம் என்றால் அரபு நாட்டுக் குளியாட்களும் வந்து சேர்வார்கள். கல்லைக் கயிற்றில் கட்டி அதில் கால் வைத்து மூச்சடக்கி இறங்குவார்கள். எடுத்த சிப்பியில் குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். வாங்கின சிப்பியை அழுகவிட்டுக் கழுவி முத்தைப் பொறுக்க வேண்டும், ஆகவே முகாம் முழுக்க நாற்றமும் ஈயும். சில வருஷம் காலராவும் வந்தது.

அந்த நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு எத்தனை விதமான ஆட்கள் வந்தார்கள்! நகை வியாபாரிகள், வட்டிக்குக் கொடுப்பவர்கள், முத்துக்குத் துளை போடுபவர்கள், சாப்பாட்டுக் கடைக்காரர்கள், நாவிதர்கள், பக்கீர்கள், பாம்பாட்டிகள், கூத்தாடிகள், பிச்சைக்காரர்கள். சுறா கடிக்காமல் கடலைக் கட்டுவதற்கென்று கடல்கட்டி ஒருவர் இருப்பார். அவர் மந்திரம் சொல்லிக் கை காட்டாமல் குளியாள் தண்ணீரில் இறங்க மாட்டான். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ இந்த மந்திரக்காரர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கிடைத்தது என்று எழுதி வைத்திருக்கிறார். யார் எந்த ஊர் என்று கேட்காமல் கைத்தொழிலை மட்டும் பார்த்துப் பங்கு கொடுத்த இடம் அது. பார் ஓய்ந்ததும் கொட்டகை பிரிந்து, ஊர் காணாமல் போகும். வந்தவர்கள் அடுத்த திருவிழாவுக்கோ அடுத்த சந்தைக்கோ கிளம்பிவிடுவார்கள்.

அரசாங்கம் கடைசியாக 1955 முதல் 1961 வரை இங்கே முத்துக்குளிப்பு நடத்தியது. அதற்குப் பிறகு சலாபம் இல்லை. சங்கு குளிப்பது மட்டும் நடக்கிறது. கல்லும் கயிறும் போய், முகக் கண்ணாடியும் துடுப்புச் செருப்பும், சிலரிடம் படகிலிருந்து காற்று தரும் கம்ப்ரசர் குழாயும். குளியாளுக்கு வேலை இருக்கிறது. குளியாளைச் சுற்றிக் கூடிய அந்த நடமாடும் ஊருக்குத்தான் கூட இடமில்லாமல் போயிற்று.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தெருவுக்குள் வந்த நாடோடிகளில் எனக்கு மிகப் பிடித்தவர் ஈயம் பூசுகிறவர். குரல் கேட்டதும் வீட்டுக்கு வீடு பெண்கள் பித்தளைச் சட்டியையும் செம்புப் பானையையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். புளிக் குழம்பு கொதிக்கிற ஊரில் ஈயம் போன பாத்திரத்தில் சமைத்தால் களிம்பேறும், குமட்டும், வாந்தி வரும். ஆகவே அவர் வராத வருஷம் அடுப்படிக்குக் கஷ்டம்.

வேப்பமரத்து மூட்டில் சின்னக் குழி தோண்டி, துருத்தியின் மூக்கைப் புதைத்துக் கரி போட்டுப் பற்ற வைப்பார். பாத்திரத்துக்குள் மணலைப் போட்டு, சாக்குத் துண்டின் மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நிற்பார். சுவரையோ மரக்கிளையையோ பிடித்துக்கொண்டு இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்புவார். பாத்திரத்தின் பழைய கறுப்பெல்லாம் அவர் காலடியில் அரைபட்டு வெளுக்கும். பிறகு நெருப்பில் வைத்து, சூடு பதமானதும் நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும்பும், மூக்கு எரியும், நாங்கள் பின்வாங்குவோம். அந்தப் புகைக்குள்ளேயே வெள்ளீயக் குச்சியைத் தொட்டெடுத்து, பஞ்சால் ஒரே சுழற்று. உள்பக்கம் முழுக்க வெள்ளி மாதிரி ஓடிப் பரவும். அந்த ஒரு சுழற்றில்தான் தொழில் இருக்கிறது. கொஞ்சம் தாமதித்தால் ஈயம் திட்டுத் திட்டாகக் கட்டிக்கொள்ளும். “அண்ணாச்சி, போன தடவை ஓரத்துல விட்டுப்போச்சே” என்பார் அம்மா. “காட்டுங்கம்மா, அதையும் பாத்துருவோம்” என்று வாங்கி, காசு கேட்காமல் ஓரத்தையும் பூசிக் கொடுப்பார். அடுத்த வருஷமும் இதே தெருவுக்கு வரவேண்டியவர் அல்லவா?

எவர்சில்வர் வந்தது. பழைய பித்தளையைப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்கின வீடுகள் அநேகம். பிறகு பிளாஸ்டிக் குடம், அலுமினியக் குக்கர். ஈயக்காரரின் வழித்தடம் தெருத் தெருவாகத் தேய்ந்து மறைந்தது.

அயர்லாந்திலும் அச்சு அசலாக இதே கதை நடந்திருக்கிறது. அங்கே டிராவலர் என்று அழைக்கப்படும் மக்கள் குதிரை வண்டியில் கிராமம் கிராமமாகப் போய்த் தகரக் குவளையும் பால் கேனும் வாளியும் செய்து கொடுத்தார்கள், ஓட்டை அடைத்தார்கள், குதிரை வாங்கி விற்றார்கள், அறுவடைக் காலத்தில் வயல் வேலைக்கு நின்றார்கள். 1950, 60-களில் பிளாஸ்டிக் வாளியும் டிராக்டரும் வந்தன. தகர வேலையும் குதிரை வியாபாரமும் சேர்ந்து சரிந்தன. 1963-ல் அந்த நாட்டு அரசாங்கக் குழு ஒன்று இவர்களின் அலைச்சலைத் தீர்க்க வேண்டிய பிரச்சினையாகப் பார்த்து, குடியமர்த்திப் பிறரோடு கரைத்துவிடுவதே வழி என்று அறிக்கை கொடுத்தது. தனி இனமாக அரசு அவர்களை ஏற்றுக்கொள்ள 2017 மார்ச் வரை ஆயிற்று. எவ்வளவு தூரத்து நாடு! இருந்தும் தொழிலை விழுங்கிய பொருளிலிருந்து அரசாங்கத்தின் பேச்சு வரைக்கும் நம்முடையதை அப்படியே ஒத்திருக்கிறது.

ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். ஈயத் தொழில் முழுதாகச் சாகவில்லை. பிரியாணிக் கடைக்காரர்களும் கல்யாணச் சமையல்காரர்களும் செம்புத் தேக்சாவை விடுவதாக இல்லை. காயல்பட்டினத்துக் களறிச் சாப்பாட்டுக்கு உலை வைக்கும் பெரிய செம்புப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் முடியாது. தெருத் தெருவாக வந்தவர் இப்போது போன் பண்ணினால் வருகிறார். வேலை பெரிது, வாடிக்கை சிறிது.

கரிசல் பக்கம் கிடை போடுகிறவர்கள் தனிக் கட்டுரைக்கு உரியவர்கள், இங்கே ஒரு வார்த்தை மட்டும். கோடையில் ஆட்டு மந்தையோடு நடந்து வந்து, அறுத்த நிலத்தில் ராத்திரி ஆடுகளை அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம், ஆட்டுக்காரருக்கு முன்பு தானியம், இப்போது பணம். தூத்துக்குடி மாவட்டத்து வேம்பூர் ஆடு அப்படி நடந்தே பேர் வாங்கின ஆடு. ரசாயன உரத்தின் விலை ஏற ஏறக் கிடைக்கு மறுபடி கிராக்கி இருக்கிறது. மந்தை நடந்து போகும் தடத்தில்தான் கம்பிவேலியும் காற்றாலையும் சோலார் பண்ணையும்.

இனி நரிக்குறவர்கள். இவர்களும் மேலே சொன்ன குறவர்களும் வேறு வேறு மக்கள். இவர்கள் தங்களுக்குள் பேசுவது வாக்ரிபோலி, குஜராத்தியோடு உறவுள்ள மொழி. நம்மிடம் பேசும் தமிழில் எல்லாரையும் சாமி என்பார்கள். இவர்கள் வேட்டைக்காரர்களாக இருந்தவர்கள். கடலைக் காட்டை நரி தோண்டினால் சம்சாரியே ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். கவுதாரியைப் பிடிக்க, கூண்டில் வளர்த்த கவுதாரியைக் காட்டுக்குள் வைத்துக் கூவவிட்டுச் சுற்றிலும் கண்ணி வைப்பார்கள். வாயாலேயே பறவையின் குரலைக் கொடுத்து அழைப்பதும் உண்டு. ஆண்கள் நாட்டுத் துப்பாக்கியோடு காட்டுக்குப் போக, பெண்கள் ஊசி, பாசி, நரிக்கொம்பு விற்கத் தெருவுக்கு வந்தார்கள்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு வேட்டை அநேகமாக முழுவதும் நின்றது. காட்டுயிரைக் காக்க அந்தச் சட்டம் வேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. பறவையின் குரலையும் தடத்தையும் இவ்வளவு தெரிந்த மக்களைக் காட்டுக் காவலுக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் அழைத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். தூத்துக்குடி உப்பளங்களில் பூநாரை இறங்கும் காலத்தில் அவற்றைப் பார்க்கக் கேமராவோடு வருபவர்களுக்கு வழிகாட்ட இவர்களைவிட யார் உண்டு?

வேட்டை போனதும் பெண்களின் பாசிமணிதான் மொத்தக் குடும்பத்தையும் தாங்கியது. திருச்செந்தூர்க் கடற்கரைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் நின்று அந்தக் கையைப் பார்க்க வேண்டும். மடியில் மணிகள், இடது கையில் செம்புக் கம்பி, வலது கையில் கூர்மூக்குக் குறடு. கம்பியை மணிக்குள் செருகி, முனையைக் குறட்டால் சுற்றி ஒரு கண்ணி, அடுத்த மணி, அடுத்த கண்ணி. கண் வாடிக்கையாளரைப் பார்த்துக்கொண்டிருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். இப்போது எல்லாருக்கும் கருங்காலி மாலை வேண்டும். நடிகர்கள் கழுத்தில் பார்த்தும் போனில் வீடியோ பார்த்தும் வருகிறார்கள். “ஒரிஜினலா?” என்று ஒரு பையன் கேட்டான். “தண்ணியில போட்டுப் பாரு சாமி, முங்குனா எடு, மிதந்தா காசு வேண்டாம்” என்றார் அந்த அம்மா, தம்ளரை நீட்டி. மணி முங்கியது. பாசிக் கம்பத்தில் தொங்கிய அட்டையை ஸ்கேன் செய்து பணத்தை அனுப்பிவிட்டுப் போனான்.

அலைச்சல் குறைந்துவிட்டதா என்றால், கூடியிருக்கிறது. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடி பனிமய மாதா கோயில் விழா, அதற்கடுத்து வேளாங்கண்ணி, புரட்டாசியில் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துத் தசரா, ஐப்பசியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம், கார்த்திகை பிறந்தால் சபரிமலை, தையில் பழனி. அன்று ஒரு வட்டாரத்துக்குள் நடந்தவர்கள் இன்று ரயிலிலும் பஸ்சிலும் மாநிலம் தாண்டிப் போகிறார்கள். வீட்டுத் தெய்வத்தைத் துணியில் மூட்டையாகக் கட்டிப் பிறர் கை படாமல் காக்கும் வழக்கம் இவர்களுடையது. காலனியில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீட்டிலும் அந்த மூட்டைக்குத் தனி மூலை உண்டு.

அன்று இப்படி ஊர் ஊராகப் போகிறவர்கள் இறங்கும் இடம் எல்லா ஊரிலும் இருந்தது. மந்தைவெளி, கண்மாய்க்கரை ஆலமரம், ரயிலடித் திடல், சத்திரத்துத் திண்ணை. இன்று மந்தைவெளியில் மண்டபம், கண்மாய்க்கரையில் வேலி, ரயிலடியில் வண்டி நிறுத்தக் கட்டணம். பஸ் நிலையத்தில் படுத்தால் ராத்திரி எழுப்பி விடுகிறார்கள். பிழைப்புக்காக ஊர் மாறுவது குற்றமில்லை என்று 1952-ல் சட்டம் சொல்லிவிட்டது, தலை சாய்க்க இடம் மட்டும் வருஷா வருஷம் சுருங்குகிறது.

குலசேகரன்பட்டினம் தசராவை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து, லட்சக்கணக்கான பேர் வேடம் கட்டுகிறார்கள். ராஜா, காளி, போலீஸ், குரங்கு, அதோடு குறவன் குறத்தி. பாசிமணி போட்டு, கூடையைத் தூக்கி, வீடு வீடாகப் போய்த் தர்மம் எடுத்து அம்மனுக்குச் செலுத்துகிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் அப்படிக் கை நீட்டுகிறார்கள். ஆணவத்தை அழிக்கிற நேர்த்தி அது, நானும் கும்பிடுகிறேன். சினிமாவிலும் 1968-ல் வந்த ‘ஒளிவிளக்கு’ படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் வேடத்தில் ஆடியதைத் தமிழ்நாடே ரசித்தது. ஆனால் அந்த வேடத்தை வேடமாகக் கட்டாமல் அன்றாடம் உடுத்துகிற பெண் 2021-ல் மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானப் பந்தியில் உட்காரப் போனபோது எழுப்பிவிடப்பட்டார். 2023 மார்ச்சில், கையில் டிக்கெட் இருந்தும் சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில் ஒரு குடும்பம் நிறுத்தப்பட்டது. வீடியோ பரவியதால் இரண்டும் நமக்குத் தெரிந்தன.

நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி லோக்கூர் குழு பரிந்துரைத்தது 1965-ல். நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். ஐம்பத்தேழு வருஷம். அதற்குள் இரண்டு தலைமுறையில் பலர் பள்ளிக்கூட வாசலைப் பார்க்காமலே போய்விட்டார்கள். இப்போது படிக்கிற பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கைக்கு வந்தால் கல்லூரியும் வேலையும் எட்டும். திருவிழா நாட்களில் பெற்றோர் வெளியூர் போகும்போது பிள்ளைகளும் கூடவே போய்விடுகிறார்கள், பள்ளி நிற்கிறது. அதற்கு விடுதி வேண்டும், பிள்ளைகளைக் குத்திக்காட்டாத ஆசிரியர் வேண்டும்.

கடையைப் பற்றிய சட்டமும் இருக்கிறது. 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டம், நடந்து விற்பவரையும் வியாபாரி என்று ஏற்று, சான்றிதழ் தரச் சொல்கிறது. சான்றிதழ் தருவது அந்தந்த ஊரின் விற்பனைக் குழு. மாசத்துக்கு ஒரு திருவிழா என்று ஊர் மாறுகிறவர் எந்த ஊரின் கணக்கெடுப்பில் வருவார்? திருவிழாத் திடலோ மொத்தமாக ஏலம் போகிறது. ஏலம் எடுத்தவர் அடி அளந்து வாடகை கேட்கிறார், ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் அது கட்டும், தரையில் விரித்த ஒரு பாய்க்குக் கட்டாது. பனிமய மாதா கோயில் விழாக் குழுவும், திருச்செந்தூர், குலசைக் கோயில் நிர்வாகங்களும், மாநகராட்சியும் ஏலக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்: பாய்க் கடைகளுக்கு இத்தனை அடி, வாடகை இல்லை, ராத்திரி தங்கக் கூரையும் தண்ணீரும் கழிப்பறையும் உண்டு. அடுத்த ஏல அறிவிப்பு வருவதற்கு முன்னால் இதைக் கேட்டு எழுத வேண்டியது இந்தக் கரையில் வீடு வாசலோடு இருக்கிற நாம்தான்.